சுட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்று தெரியும், சுடுவதற்கு முன்னால்?

புளோரிடா மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2025 ஏப்ரல் 17 அன்று தலைநகர் டாலஹாசியில் பல்கலைக்கழகத்துக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம். நீங்கள் கூடுகிற கட்டடத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். இரண்டு பேர் செத்தார்கள், ஆறு பேருக்குக் காயம். இப்போது அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்கிறது. அந்தச் செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில்கூட, "இனி ஒருத்தனும் துணிய மாட்டான்" என்று எழுதினார்கள். எழுதியவர்கள் நல்லவர்கள்தான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சில நாள் முன்பு சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயை மூடி, கன்னம் உப்ப நின்றுகொண்டிருந்தாள். என்னடி பண்ற என்றேன். தும்மலை அடக்கிப் பழகுகிறாளாம். அன்று பள்ளியில், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று ஒத்திகை. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஜன்னல் வழியே பார்த்தால் தெரியாத மூலையில் பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன், நிஜமாக இருந்தால் உன்னால்தான் நாமெல்லாரும் செத்திருப்போம் என்று காதில் சொல்லியிருக்கிறான். அவனை என்ன சொல்வது, அவனுக்கும் ஏழு வயதுதான்.

எங்கள் வீட்டில் குழந்தை தும்மினால் "நூறு" என்போம். நூறு வயசு இருக்கணும் என்று அர்த்தம். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". என் அம்மா எனக்குச் சொன்னது, நான் இவளுக்குச் சொல்வது. இப்போதெல்லாம் சொல்ல வாய்ப்பே கிடைப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். கண்ணில் தண்ணீர் வருகிறது. அடங்கியதும் சிரிக்கிறாள்: "சத்தமே வரல பாத்தியாம்மா?"

அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நீங்கள் இயற்றியிருக்கும் மரண தண்டனைச் சட்டம் எந்த விதத்தில் துணை? நான் கேட்க வந்தது இதுதான்.

கொலைகாரன்மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை. பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவனுக்கு 2022 அக்டோபரில் ஆயுள்தான் என்று ஆனபோது எனக்கும் வயிறு எரிந்தது. பொதுமக்களில் 12 பேரைக் கொண்ட நடுவர் குழுவில் 9 பேர் மரண தண்டனை என்றார்கள், 3 பேர் வேண்டாம் என்றார்கள். அன்றைய சட்டப்படி 12 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஆறே மாதத்தில், 2023 ஏப்ரலில், 8 பேர் சொன்னால் போதும் என்று மாற்றினீர்கள். நாட்டில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு குறைவு இல்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர்கள் நாட்டிலேயே அதிகம் உள்ள மாநிலமும் இதுவே, 30 பேர். ஆனால் அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

சரி, மாற்றினீர்கள். அப்புறம் என்ன ஆயிற்று? நான்கு மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில், ஜாக்சன்வில்லில் ஒரு கடையில் மூன்று கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். உங்கள் 8 பேருக்காக அவன் காத்திருக்கவில்லை. 2016-இல் ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவன் போலீஸ் குண்டில் செத்தான். சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரம் முழங்கால் மட்டம் என்பார்கள் எங்கள் ஊரில். திரும்பி வரப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கிளம்புகிறவனிடம் போய், "ஜாக்கிரதை, கொன்றுவிடுவோம்" என்கிறீர்கள்.

உயிரோடு பிடிபட்டவர்கள் விஷயம்? 2019 ஜனவரியில் செப்ரிங்கில் வங்கிக்குள் ஐந்து பெண்களைக் கொன்றவனுக்கும் நடுவர் குழு சொன்னது அதே 9-3. புதுச் சட்டம் வந்துவிட்டதால் இந்தத் தடவை மரண தண்டனை. அது 2024 டிசம்பரில், ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்து. மரண தண்டனை என்றாலே மேல்முறையீடு தானாக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்பது சட்டம் இயற்றுகிற உங்களுக்குத் தெரியாததா? டெக்சாஸ் எல் பாசோவில் 23 பேரைப் பறிகொடுத்த குடும்பங்களில் பெரும்பாலானவை, வழக்கு முடிந்தால் போதும் என்று சொல்லிவிட்டன. மாவட்ட அரசு வழக்கறிஞர் மரண தண்டனைக் கோரிக்கையைக் கைவிட்டது 2025 மார்ச்சில், சம்பவம் நடந்தது 2019-இல். அத்தனை வருடமும் தேதி போட்ட போதெல்லாம் அந்தக் குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள்.

முன்னால் செய்ய வேண்டியதைச் செய்ய உங்களுக்குத் தெரியாமல் இல்லை. பார்க்லேண்ட் கொலைகாரன் 18 வயதில் சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கி அது. சம்பவம் நடந்து மூன்றே வாரத்தில், 2018 மார்ச்சில், இதே சட்டமன்றம் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஆயுதத்தை எடுத்துவைக்கவும் வழி செய்தது. அந்த உத்தரவு ஆயிரக்கணக்கில் பயன்பட்டிருக்கிறது. அதற்காக உங்கள் அவையை மனதார வாழ்த்துகிறேன். வாழ்த்தி முடிப்பதற்குள் கீழவை அதே வயதை மறுபடி 18 ஆக்க மசோதா நிறைவேற்றுகிறது. 2023, 2024, 2025 என்று வரிசையாக. 2025 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமே வயது 21 செல்லும் என்றது. அதே மார்ச்சில் கீழவை வேண்டாம் என்றது. கொன்றால் உயிரை எடுப்போம், ஆனால் கொல்வதற்கான சாமானை மூன்று வருடம் முன்னதாகவே வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு.

டாலஹாசி விஷயத்தில் வயதுச் சட்டம் தடுத்திருக்காது என்பீர்கள். உண்மைதான். காவல்துறை சொல்கிறபடி அது வீட்டிலிருந்த துப்பாக்கி. வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சொல்லும் உங்கள் சட்டம் 16 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் மட்டும்தான் பேசுகிறது. அதை எல்லா வீட்டுக்கும் ஆக்க எத்தனை நாள் ஆகும்? 2018-இல் எல்லாமே மூன்று வாரத்தில் முடிந்ததே!

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு மூலையில் சத்தமில்லாமல் உட்காரச் சொல்லிக்கொடுத்துவிட்டு பெரியவர்களும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோமே என்ற எரிச்சல்.

பணிவாகக் கேட்கிறேன். சுட்டபின் என்ன செய்வோம் என்று பேசியது போதும், சுடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பேசுங்கள். வயது 21 என்பதைத் தொடாதீர்கள். வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டச் சொல்லும் சட்டத்தை விரிவாக்குங்கள்.

செனட் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீழவையிலிருந்து வந்த அந்த வயது மசோதாவை மூன்று தடவையும் நீங்கள் எடுக்காமல் விட்டீர்கள். நன்றி. அடுத்த தடவையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா