நடுவில் நீ நிற்க வேண்டாம்

அன்பு பாப்பாவுக்கு,

போன ஞாயிறு, "அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை இருக்கான்னு கேளு" என்று போனில் உன்னிடம் சொன்னேன். அப்பா அப்போது கூடத்தில்தான் இருந்தார், எனக்குப் பத்தடி தள்ளி. நீ சென்னையிலிருந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டு, மறுபடி எனக்கு வந்து சொன்னாய். போனை வைத்த பிறகு எனக்கு மனசே ஆறவில்லை. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அப்படி நினைத்து நீ பயப்படுகிறாய், தெரியும். 49 வயதில் எனக்கு மாதவிலக்கு நிற்கிற சமயம். ராத்திரி திடீரென்று உடம்பு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். ஃபேனை முழுசாக வைக்க வேண்டும். அப்பாவுக்கோ ஃபேன் இரண்டைத் தாண்டினாலே சளி பிடித்துக்கொள்ளும். நாலு நாளைக்கு என்று தலையணையை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போனேன். மூன்று வருஷமாகிறது. வேர்ப்பது நின்று எத்தனையோ மாதம் ஆயிற்று. நான் திரும்பிப் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. உடம்புக்கு என்ன என்று அவர் கேட்டிருக்கலாம். நானும் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். 25 வருஷமாக உன் ஃபீஸ், உன் காய்ச்சல், உன் கல்யாணம் என்றே பேசிப் பழகிவிட்டோம். நீ போன பிறகு எங்கே தொடங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

கொரோனாவுக்கு முன்பு, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை நாங்கள் விட்டதே இல்லை, நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம் தவிர. தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையைப் பார்த்துவிட்டு, ரோட்டோரம் துண்டை விரித்து விடிய விடிய உட்கார்ந்திருப்போம். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குவார் என்று பந்தயம் வேறு. நான் எப்போதும் பச்சை என்பேன். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2022-இல் வந்தார். அப்பா சிநேகிதர்களோடு போனார், நான் டிவியில் பார்த்தேன். பச்சை என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

இனி நான் "அப்பாகிட்ட சொல்லு" என்றால், "நீயே சொல்லும்மா" என்றுவிடு. அவர் சொன்னாலும் அதே பதில்தான். கொஞ்ச நாளைக்கு வீடு இன்னும் அமைதியாக இருக்கும். அதற்காக லீவு போட்டு ஓடி வராதே.

இன்று காலை மாத்திரை இருக்கிறதா என்று நானே கேட்டேன். "இன்னும் ஆறு இருக்கு" என்றார். சனிக்கிழமை சேர்ந்து போய் வாங்கலாமா என்று கேட்க நினைத்தேன். வாய்வரை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுவேன்.

அம்மா