பெரிய சிக்லிட் விற்கும் வண்ணமீன் கடைக்காரர்களுக்கு

வணக்கம்.

ஆஸ்கார் என்பது சிக்லிட், அதாவது தன் எல்லைக்காகச் சண்டை போடும் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விரல் நீளக் குஞ்சை வாங்குபவர் அடுத்துக் கேட்பது, "இதோட வேற என்ன மீன் விடலாம்?" என்பதுதான். "எது வேணா விடலாம், இந்தத் தொட்டியில எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று கடையில் பதில் வருகிறது. அந்தத் தொட்டியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அதில் இருப்பவை பருவத்துக்கு வராத குஞ்சுகள். அந்த நெரிசலில் எந்த மீனாலும் ஒரு மூலையை வளைத்துப்போட முடியாது. விழும் அடியும் பல மீன்களுக்குப் பிரிந்துபோகிறது. அதே ஆஸ்கார் நல்ல தீனியில் ஓராண்டுக்குள் 20 செ.மீ. தாண்டி, பிறகு 30 செ.மீ.க்கு மேல் வளரும். ரெட் டெவில் என்ற சிக்லிட்டும் ஏறத்தாழ அந்த அளவு வளரும், ஜாகுவார் சிக்லிட் இன்னும் பெரிதாகலாம்.

ஆகவே துணை மீனை இன்றைய குஞ்சுக்குப் பொருத்திக் கொடுக்காதீர்கள். வளர்ந்த மீனின் வாய்க்குப் பொருத்திக் கொடுங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 8 செ.மீ. நீள ஒல்லி மீன் வளர்ந்த ஆஸ்காரின் வாய்க்குள் போய்விடும். அதே நீளமுள்ள சில்வர் டாலர் தட்டு மாதிரி உயரமாக இருப்பதால் போகாது. அதை ஆறு ஏழாகச் சேர்த்தே விற்க வேண்டும். மேல்மட்டத்தில் ஒரு கூட்டம் பதறாமல் நீந்தினால் சிக்லிட்டும் ஆபத்தில்லை என்று மறைவை விட்டு வெளியே வரும். கோபம் வந்தாலும் கூட்டத்தில் ஒன்றையே குறிவைத்துத் துரத்துவது கடினம். (செடி வைத்த தொட்டி என்றால் சில்வர் டாலர் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடும், அதையும் சொல்லிவிடுங்கள்.) டின்ஃபாயில் பார்பும் பொருந்தும், ஆனால் அதுவே 30 செ.மீ. வளரும் வேகக்காரன், நீளமான தொட்டி இல்லாதவருக்குத் தர வேண்டாம்.

கெளுத்தி வகையில்தான் தவறு அதிகம். அடியில் விழும் மிச்சத்தைத் தின்னும் என்று கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தியைக் கட்டிக் கொடுக்கிறீர்கள். அது துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்கப் பார்த்த ஆஸ்காரின் தொண்டையில் முள் மாட்டினால் இரண்டும் சாகலாம். கவசம் போன்ற உடலுள்ள செயில்ஃபின் பிளெக்கோ தாங்கும்; 15 செ.மீ.க்குக் குறையாததாக, நுழைந்து படுக்க ஒரு அகலக் குழாயோடு விட வேண்டும். விளக்கணைத்த பின் அதற்குத் தனித் தீனியும் வேண்டும். பசித்த பிளெக்கோ தூங்கும் சிக்லிட்டின் விலாவில் ஒட்டிக்கொண்டு உடல்மேல் இருக்கும் வழவழப்பைச் சுரண்டும். அந்த இடம் புண்ணாகும். ரெட்டெயில் கேட்ஃபிஷ் பேச்சே வேண்டாம். ஒரு மீட்டர் தாண்டி வளரும் அதற்கு ஆஸ்காரே இரை.

சிக்லிட்டோடு சிக்லிட் விடும்போது உருவமும் நிறமும் ஒத்தவைதான் அதிகம் மோதும். ஆஸ்கார் உடம்பில் பெரிதே தவிர, ரெட் டெவிலிடம் அடிவாங்கும். செவரம், ஜியோஃபேகஸ் என்ற சிக்லிட்கள் ஆஸ்காருக்கு ஒத்துவரும். சிறிய கான்விக்ட் ஜோடிகூட முட்டையிட்டதும் தன்னைவிட இரு மடங்கு பெரிய மீனை மூலைக்கு விரட்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்குக் கடின நீரும் 8-ஐ ஒட்டிய பிஎச்சும் வேண்டும். ஆஸ்காரோடு அவை சேராது. ஃப்ளவர்ஹார்னுக்கும் ரெட் டெவிலுக்கும் துணை கேட்டால், "தனியாவே விடுங்க" என்பதுதான் பெரும்பாலும் சரியான பதில். ஒரு விற்பனை குறையும், குறையட்டும்.

தொட்டியில் உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். 120 × 45 × 50 செ.மீ. தொட்டி, அதாவது 270 லிட்டர், ஒரு ஆஸ்காருக்கே சரியாகப்போகும். துணையோடு என்றால் 180 × 60 × 60-இல் தொடங்க வேண்டும்.

புது மீனை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் புதிது என்றால் சாதுவானது முதலில், முரடன் கடைசியில். முரடன் ஏற்கெனவே குடியிருந்தால், அதற்குத் தீனி போட்டுவிட்டு, கற்களை இடம் மாற்றி, விளக்கை அணைத்த பிறகே புதியதை விட வேண்டும். அதன் பழைய எல்லை கலைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே துளையிட்ட தடுப்பை ஒரு வாரம் வைப்பது இன்னும் நல்லது. செவுளை விரித்து மிரட்டுவதையும் சற்றுநேரம் வாயோடு வாய் கவ்வுவதையும் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு மீன் துடுப்பு கிழிந்து, தீனிக்கும் வராமல், மேல் மூலையில் ஹீட்டர் பக்கம் ஒடுங்கி நின்றால் அன்றைக்கே பிரித்தாக வேண்டும்.

கடைத் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: வளர்ந்த பின் நீளம், குறைந்தபட்சத் தொட்டி அளவு, கூட விடக்கூடாத மீன்கள். ஒத்துப்போகாத மீன் திரும்பி வந்தால், பாதி விலைக்காவது வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது ஏதோ ஒரு குளத்தில் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
பெரிய சிக்லிட் வளர்ப்பவர்கள்