பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூருவில் ஐ.டி. வேலை என்றாலே நம் வீடுகளில் நான்கைந்து பெரிய நிறுவனங்களின் பெயர்கள்தான் பேச்சில் அடிபடுகின்றன. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் கோரமங்களாவிலும் ஏதோ ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, முப்பது நாற்பது பேரை வைத்து நடக்கும் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அல்சூரிலோ விவேக்நகரிலோ சம்பந்தம் பேசும் இடத்தில் கம்பெனிப் பெயரைச் சொன்னதும், "கேள்விப்பட்டதே இல்லையே" என்று பெரியவர்கள் இழுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை, அவர்களில் ஒருத்தியாக எழுதுகிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்டால் என்னோடு இருப்பவர்கள் நிறைவாகத்தான் பேசுவார்கள். மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தில் நான் டெஸ்டிங் பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் மருந்துகளுக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே கிடையாது என்றது. செப்டம்பர் 22 முதல் அமல். கடையில் இருப்பதோ பழைய விலை அச்சிட்ட அட்டைகள். பில் மட்டும் புதிய விலையில் வர வேண்டும். பதினைந்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கத்தரித்து வாங்குகிறவருக்கும் பைசா பிசகக் கூடாது. போன வாரம் வாங்கிய மருந்தை ஒருவர் திருப்பிக் கொடுத்தால் அதைப் பழைய வரியில்தான் கழிக்க வேண்டும். சின்னக் குழுவாக உட்கார்ந்து இத்தனையையும் முடித்தோம். ஞாயிறு இரவு சிவாஜிநகர் கடைக்காரர் ஒருவர் போனை வைக்காமல், ஒவ்வொரு மருந்தாக பில் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை முதல் பில் சரியாக வந்ததும் அவரே அழைத்துச் சொன்னார். நாம் செய்த வேலை யார் கையில் எப்படிப் பயன்படுகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு, பெரிய நிறுவனங்களில் இருக்கும் என் தோழிகளுக்கு வாய்த்ததில்லை. இந்தச் சந்தோஷத்துக்காகவே குறைந்த சம்பளத்துக்கு இங்கே தங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த ஈடுபாட்டை முதலாளிகள் சிலர் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வதுதான் எனக்கு ஆறவில்லை. இதற்கு முன் நான் வேலை செய்த இடத்தில் மாதா மாதம் சம்பளச் சீட்டில் பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) 1,800 ரூபாய் பிடித்தம் என்று இருக்கும். 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்ற கணக்கு. யாரும் சந்தேகப்படவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர், அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக பி.எஃப். முன்பணம் எடுக்கப் போனபோது பாஸ்புக்கில் பல மாதங்களாக ஒரு வரவும் இல்லை. கணக்குப் பிரிவில் கேட்டதற்கு, புதிய முதலீடு வந்ததும் மொத்தமாகக் கட்டிவிடுவோம் என்று பதில் வந்தது. எங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தில்தான் அலுவலக வாடகை போயிருக்கிறது! கோபப்பட்டு ராஜினாமா செய்தவர்களுக்கு ரிலீவிங் லெட்டர், அதாவது வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம், கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். அது இல்லாமல் அடுத்த வேலையில் சேர முடியாதே என்ற பயத்தில் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வருங்கால வைப்புநிதி விதிகளின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஊழியரிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி; அது குற்றம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில்கூட, ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்த நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. இதைச் சொன்னால், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே அக்கா" என்று கேட்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

சின்னக் கம்பெனியால் இதெல்லாம் முடியாது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். இப்போது நான் இருக்கும் நிறுவனமும் சின்னதுதான். மாதம் தவறாமல் பி.எஃப். கட்டி, சலான் நகலை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் பணத் தட்டுப்பாடு வந்தபோது, சம்பளம் ஒரு வாரம் தாமதமாகும் என்று முதலாளி முன்கூட்டியே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் ஒருவரும் விலகவில்லை.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் ஐ.டி. ஊழியர்களின் வேலை நேரத்தை நாளுக்கு 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை கர்நாடகத்தில் எழுந்து, தொழிற்சங்கம் எதிர்த்தது. ஜி.எஸ்.டி. மாறிய இரவு போல அவசரத்துக்குக் கண்விழிக்க நாங்கள் தயங்குவதில்லை. அதையே தினசரி வழக்கமாக்கச் சட்டமே இடம்கொடுத்தால் குழந்தை உள்ள பெண்கள்தான் முதலில் வேலையை விட வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனிப் பெயரைக் கேட்டு முகம் மாறுவதற்கு முன், பிள்ளையை மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசி வரவு எந்த மாதத்தது என்று பாருங்கள். மாதக்கணக்கில் விட்டுப்போயிருந்தால் வைப்புநிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு இணையதளத்தில் ஊழியரே நேரடியாகப் புகார் கொடுக்கலாம். முதலாளியின் கையெழுத்து தேவையில்லை. இந்த விவரங்களைத் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பகுதியில் கட்டம் கட்டி அவ்வப்போது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் உள்ள தொழிலாளர் துறை அதிகாரிகளும் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் ஒரு குறைதீர் முகாம் நடத்தினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.