தெற்கு அறையும் இரண்டாம் பாகமும்

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நீயோ என்னிடம் பேசிக்கொண்டே அலுவலக மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். நான் சொல்வதற்கெல்லாம் "ம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படி.

'சந்திரமுகி 2' பிடிக்கவில்லை என்றாய். சரி. ஆனால் முதல் பாகமும் கிட்டத்தட்ட இதே படம்தான், உங்கள் தலைமுறைதான் பழைய நினைவில் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது என்றும் சொன்னாயே, அது எனக்கு ஒத்துவரவில்லை. அதே பி. வாசு, அதே வேட்டையபுரம் அரண்மனை, அதே வடிவேலு, அதே நாட்டியக்காரி, பிறகு எங்கே வேறுபாடு என்று கேட்டாய். கேள்வி நல்ல கேள்வி. பழைய நினைவு என்பதுதான் அதற்குப் பதில் இல்லை. 'சந்திரமுகி'க்கு மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்', அதை 2024 ஆகஸ்டில் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள் அல்லவா? திருவனந்தபுரத்தில் உன் மாமாவோடு போய்ப் பார்த்தேன். அரங்கில் பாதிப் பேர், அந்தப் படம் முதலில் வந்தபோது பிறந்தேயிராதவர்கள். கட்டிலைத் தூக்கும் காட்சி வந்ததும் எனக்கு முன்வரிசையில் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஏது பழைய நினைவு?

உனக்கு வம்சாவளி முழுவதும் தெரியாது என்று நினைக்கிறேன். 1993 கிறிஸ்துமஸுக்கு வந்தது மலையாளப் படம். கதை மது முட்டம், இயக்கம் பாசில். வேலை முடியவேண்டும் என்பதற்காகப் பிரியதர்ஷன், சிபி மலையில், சித்திக்-லால் என்று பெரிய இயக்குநர்கள் எல்லாம் வந்து சில பகுதிகளை எடுத்துக்கொடுத்தார்கள். அத்தனை பேர் கைபட்டும் எங்கேயும் ஒட்டுப்போட்டது தெரியாது. அதிலிருந்து 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வை எடுத்தவர் இதே வாசு. அதற்கு அடுத்த ஆண்டு சித்திரை முதல் நாளில் நம்முடைய 'சந்திரமுகி' வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாட்களைத் தாண்டி ஓடியது. இந்திக்கு 2007-ல் போனது. இரண்டாம் பாகம் எடுக்கும் ஆசையும் வாசுவுக்குப் புதிதில்லை. 2010-ல் கன்னடத்தில் 'ஆப்தரக்ஷகா', தெலுங்கில் 'நாகவல்லி' என்று இரண்டு எடுத்துப் பார்த்துவிட்டார். கன்னடப் படம் வெளிவருமுன்பே விஷ்ணுவர்தன் காலமாகிவிட்டார். ஜனங்கள் அவரைக் கடைசியாகப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அது வேறு கணக்கு.

முதல் மலையாளப் படத்தை நான் பார்த்ததும் திருவனந்தபுரத்தில்தான், கல்யாணத்துக்கு முன்பு. அன்று எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் ஷோபனா நடித்த நாயகி கங்கா பேசுவது மலையாளம். அவளுக்குள் இருந்து வரும் நாகவல்லி பேசுவது தமிழ். சங்கரன் தம்பி என்ற காரணவர், அதாவது அந்த வீட்டின் மூத்த தலைவர், தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து தெற்கு அறையில் அடைத்துவைத்த நாட்டியக்காரி அவள். அரங்கில் இருந்த மலையாளிகளுக்கு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று வேறு மொழியில் சீறியதே பாதிப் பயம். எனக்கோ அது வீட்டில் பேசுகிற மொழி. என்னை எங்கேயும் போகவிடமாட்டாயா என்று அவள் கேட்டபோது பக்கத்து இருக்கைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தப் பெண்மேல் பரிதாபம்தான் வந்தது. அடைத்துவைக்கப்பட்டவள் வேறு என்ன கேட்பாள்? ஒரே காட்சியில் ஒருத்தி பயப்படவும் அடுத்தவள் இரங்கவும் இடம் இருந்தது. தமிழுக்கு வந்தபோது அவளைச் சந்திரமுகி என்ற விஜயநகரத்துத் தெலுங்குக்காரி ஆக்கினார்கள். புத்திசாலித்தனமான முடிவு. 'ரா ரா' பாட்டு வந்தபோது நாகர்கோவில் தியேட்டரில் ஒரு வரியும் புரியாமல் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும், என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாய். உன்னுடன் தங்கியிருக்கிறாளே அந்தத் தெலுங்குப் பெண், அவளிடம் கேட்டுப் பார். அவளுக்கு அந்தப் பாட்டு பயமாக இருந்ததா, வேறு ஏதாவது தோன்றியதா என்று.

இப்போது கட்டிலுக்கு வருகிறேன். கங்கா தன் கணவனிடம் கடைக்குப் போக வேண்டும் என்கிறாள். வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, அதற்கு வாங்க வேண்டும். அவன் வேண்டாம் என்கிறான். எந்த வீட்டிலும் வாரத்துக்கு ஒருமுறை நடக்கிற பேச்சு. அவள் முதலில் கெஞ்சுகிறாள், பிறகு கோபப்படுகிறாள். கோபம் ஏற ஏறக் குரல் மாறுகிறது, கண் மாறுகிறது, ஒரு கையால் கட்டிலைத் தூக்குகிறாள். அவன் கத்தியதும் ஒன்றும் தெரியாதவளாக, என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். இதில் புகை இல்லை, அகோர முகம் இல்லை, கதவு தானாகத் திறப்பது இல்லை. இத்தனை நாள் பக்கத்தில் படுத்தவளை நமக்குத் தெரியாது என்பதுதான் அங்கே பயம். ஷோபனாவுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஜோதிகா அதே காட்சியைக் கண்ணை உருட்டி, இன்னும் சத்தமாகச் செய்தார். எனக்கு ஷோபனாதான் பிடிக்கும் என்றாலும், ஜோதிகாவைக் குறை சொல்ல மாட்டேன். ரஜினி படத்தில், ரஜினியையும் மறக்கடித்துக் கடைசி அரைமணி நேரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் அவர்.

அதற்கு முன்பே கதை ஒரு வேலை செய்துவைத்திருக்கிறது. வீட்டில் புடவை எரிகிறது, கடிகாரம் உடைகிறது. நம் சந்தேகம் முழுவதையும் இன்னொரு பெண்மேல் திருப்பிவிடுகிறார்கள். மலையாளத்தில் ஸ்ரீதேவி, தமிழில் துர்கா. நாமும் அந்த அப்பாவிப் பெண்ணைத்தான் முறைத்துக்கொண்டிருப்போம். வீட்டுக்காரர்கள் செய்கிற அதே அநியாயத்தை நம்மையும் செய்யவைத்து, கடைசியில் மனநல டாக்டர் வந்து வேறு பக்கம் கையைக் காட்டுகிறார். இரண்டாம் முறை பார்க்கும்போது கங்காவின் ஒவ்வொரு சிரிப்பும் வேறு மாதிரித் தெரியும். 'சந்திரமுகி 2'-ஐ இரண்டாம் முறை பார்த்தால் என்ன புதிதாகத் தெரியும் என்று நீயே யோசித்துக்கொள்.

இன்னொன்று உண்டு. நீ பார்த்த தமிழ்ப் படத்தில் அது எனக்கு அவ்வளவு அழுத்தமாகப் படவில்லை, மலையாளத்தில் உண்டு. டாக்டர் சன்னி கங்காவின் சொந்த ஊருக்குப் போய் விசாரிக்கிறார். அப்பாவும் அம்மாவும் கல்கத்தாவில் வேலையில் இருந்தார்கள். பெண்ணைப் பாட்டியிடம் விட்டிருந்தார்கள். பாட்டி சொன்ன கதைகள்தான் அவளுக்கு உலகம். பரீட்சை முடிகிற நாளில் திடீரென்று வந்து, வா போகலாம் என்று அழைக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்று உடைந்ததுதான் பின்னால் நாகவல்லிக்குத் திறந்த வழி. கல்யாணத்துக்கு முன்பு பார்த்தபோது இந்தப் பகுதி எனக்கு மனதில் தங்கவேயில்லை. 2024-ல் பார்த்தபோது அந்த அப்பா அம்மாவை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. நீ பெங்களூருக்குப் போனது உன் விருப்பத்தில், அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே மக்களே. பேய்க்கு ஒரு பிறப்பிடம் இருந்தது, அது ஒரு வீட்டின் கூடத்தில் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

தீர்வும் அப்படித்தான். டாக்டர் அந்த நாட்டியக்காரியோடு சண்டை போடுவதில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். காரணவரைக் கொல்ல வேண்டும், துர்காஷ்டமி அன்று. சரி, கொல் என்று ஏற்பாடு செய்கிறார். பலகை சுழல்கிறது, மனிதன் இருந்த இடத்தில் பொம்மை வருகிறது, அவள் வெட்டித் தீர்த்துக்கொள்கிறாள், கங்கா திரும்புகிறாள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மந்திரம் தெரிந்த நம்பூதிரியும் நிற்கிறார். மனநல மருத்துவரும் மந்திரவாதியும் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் ஒரு நோயாளிக்காகக் கைகோக்கிற காட்சியை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. நம்புகிறவர் ஒரு விதமாகவும் நம்பாதவர் ஒரு விதமாகவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

2023-ல் வந்த இரண்டாம் பாகம் இந்தக் கதவைத்தான் முதலில் சாத்தியது. அதில் சந்திரமுகி உண்மையிலேயே ஆவி. மனநோய் கிடையாது, சந்தேகம் கிடையாது. குலதெய்வக் கோயிலுக்குப் பூஜை செய்ய ஒரு பெரிய குடும்பம் அரண்மனைக்கு வந்து தங்குகிறது, போகக்கூடாத பக்கம் போகிறார்கள், ஆவி ஒரு பெண்மேல் ஏறுகிறது. ஏறுமுன் அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன ஆசை, எது அவளை அழவைக்கும் என்று நமக்கு ஏதாவது தெரியுமா? லட்சுமி மேனன் நடிக்கத் தெரிந்தவர்தான். அவருக்கு எழுதிக்கொடுத்தால்தானே செய்வார். பழகாத ஒருத்தி மாறிப்போனால் நமக்கென்ன?

அது போதாதென்று வேட்டையனின் ஆவியும் எழுந்து கதாநாயகன் உடலில் ஏறிக்கொள்கிறது. முதல் படத்தில் சில நிமிடங்கள் வந்து ஒரு சிரிப்பால் அரங்கைக் கலக்கிவிட்டுப் போன ராஜாவுக்கு இங்கே நீளமான முன்கதை. உண்மையில் அவன் ராஜாவே இல்லை, செங்கோட்டையன் என்ற தளபதி என்கிறார்கள். இருக்கட்டும். அதைத் தெரிந்துகொண்டதால் அவனைப் பற்றிய பயம் கூடியதா குறைந்ததா? கங்கனா ரனாவத் நகையும் பட்டுமாக வருகிறார், ஆடுகிறார், அழகாகவும் இருக்கிறார். கீரவாணியின் இசை, அதுவும் ஆஸ்கர் வாங்கிய அதே ஆண்டில். செலவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சந்திரமுகியை நாம் முதல் படத்தில் பார்த்தது ஒரு ஓவியத்திலும் ஜோதிகாவின் முகத்திலும் மட்டும்தான். மீதியை நாம்தான் இட்டுநிரப்பினோம். இதில் அவளையே கூட்டிவந்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். முகம் தெரிந்துவிட்ட பிறகு பயப்பட என்ன இருக்கிறது? கடைசியில் இரண்டு ஆவிகள் மோதிக்கொள்கின்றன. ஆவியோடு ஆவி சண்டை போட்டால் யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று உன் சித்தி தியேட்டரில் சத்தமாகவே கேட்டுவிட்டாள். பின்வரிசையில் சிரித்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சரிவு 2005-லேயே தொடங்கிவிட்டது. அறிமுகச் சண்டை, அறிமுகப் பாட்டு எல்லாம் டாக்டர் பாத்திரத்துக்கு எதற்கு? டாக்டர் சன்னியாக நடித்த மோகன்லால் மலையாளப் படத்தில் ஏறக்குறைய பாதிக் கதைக்குப் பிறகுதான் வருவார், வந்த பிறகும் கோமாளித்தனம் செய்துகொண்டே நோட்டம் பார்ப்பார். தமிழில் நாயகனுக்காகக் கதையைக் கொஞ்சம் நகர்த்தி உட்காரச் சொன்னார்கள். ஆனால் நோயாளியின் நாற்காலியைத் தொடவில்லை. இரண்டாம் பாகத்தில் அதையும் எடுத்து நாயகனுக்கே போட்டுவிட்டார்கள், பேய் பிடிப்பதும் அவருக்கு, பேயை ஓட்டுவதும் அவர்.

வடிவேலுவைப் பற்றி உன் அப்பாவோடு எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை. அவருக்கு இரண்டாம் பாகம் பிடித்திருந்தது, வடிவேலு வந்தால் அவருக்கு அதுவே போதும். முதல் படத்தில் பேய் உண்டு என்று முழுதாக நம்பி நடுங்கியவர் அவர் நடித்த முருகேசன். அவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நாம் எச்சரிக்கையைக் கைவிட்டோம், அந்த நேரத்தில்தான் கங்கா நம்மைப் பிடித்தாள். கூடவே அவரைச் சீண்ட ரஜினியும் இருந்தார். இதில் பேய் உண்மையிலேயே இருப்பதால் முருகேசன் பயப்படுவது சரியாகிவிடுகிறது. சரியாகப் பயப்படுகிறவனைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ படம் பார்க்கிறாயா, விடைத்தாள் திருத்துகிறாயா?" என்றார்.

மலையாளப் படத்தை முழுதாகப் பார். பல காட்சிகள் நம் தக்கலை பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் எடுத்தவை. நீ பள்ளிச் சுற்றுலாவில் வழுக்கி வழுக்கி விளையாடிய அந்தக் கறுப்புத் தரையைப் படத்தில் அடையாளம் கண்டுபிடித்துச் சொல். அந்தத் தெலுங்குப் பெண்ணையும் லீவுக்கு அழைத்துவருவதாகச் சொன்னாயே, வரும்போது சனிக்கிழமையே வந்து இறங்குங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அவளுக்குக் காரம் ஆகுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுது. ஆந்திராக்காரி என்றால் நம் மீன்குழம்பு அவளுக்கு உறைக்காது என்று உன் அப்பா சொல்கிறார், நான் நம்பவில்லை.

அன்புடன்,
அம்மா