அம்மாவோட கைக்கு ஒரு கத்தி

ஒசாகா,
மாசி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் அப்பாவும் தம்பியும் நல்லா இருக்கீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? போன்ல கேட்டா "அது கெடக்கு, நீ சாப்பிட்டியா"ன்னு பேச்சை மாத்திருவே. இந்தச் சேதியையும் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா விலையைக் கேட்ட உடனே "எதுக்குடி இம்புட்டுக் காசு"ன்னு வைய ஆரம்பிச்சிருவே, மிச்சத்தைக் காதுல வாங்க மாட்டே. அதான் லெட்டர். விலை கடைசியில வரும், பைய படி.

உனக்கு ஒரு கத்தி வாங்கியிருக்கேன்.

போன மாசம் வீடியோ கால்ல தம்பி போனை அடுப்படிப் பக்கம் திருப்பினான்ல, அப்ப பார்த்தேன். நீ மேடைகிட்ட நின்னுக்கிட்டு, அந்த மஞ்சப் பிடி போட்ட சின்னக் கத்தியை ரெண்டு விரலால நுள்ளிப் பிடிச்சு வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தே. தரையில உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து அருவாமனை கட்டிலுக்கு அடியில போயிருச்சு. நடுவுல கொஞ்ச நாள் அதைத் தூக்கி மேடை மேல வச்சு அரிஞ்சியாமே? தம்பி சொன்னான். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

உன் கையைப் பத்தி உனக்குச் சொல்லணுமா? புது மண்டபத்துல வளையல் கடைங்க இருந்த காலத்துல, சோழவந்தான்ல இருந்து பஸ் ஏறிப் போய் ஒவ்வொரு கடையா நிப்போம். 2.4, 2.6, 2.8 எல்லாம் சரஞ்சரமா முன்னாடி தொங்கும். 2.10 கேட்டா கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டுல தூசி தட்டி ஒரு டப்பா எடுப்பார். அதுலயும் ரெண்டே கலர். ஒருக்க நீ கேட்டே, அந்தப் பத்துன்னா என்னன்னு. ரெண்டு இஞ்சு, அதுக்கு மேல பதினாறுல பத்து பங்குன்னு அவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரியத்தை, "ஆம்பளைக் கைக்கு வளையல் எதுக்கு"ன்னாங்க. நீ சிரிச்சுட்டே. எனக்கும் அதே கைதான் வந்திருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது.

இங்கே நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துல கையுறை டப்பாவெல்லாம் எஸ், எம் சைஸ்தான். எனக்கும் ஒரு ஆண் ஊழியருக்கும் மட்டும் எல் சைஸ் தனியா வரும். 90 வயசைத் தாண்டுன ஒரு பாட்டி தினமும் என் கையைப் பிடிச்சுப் பார்த்து "தே, ஓகீ நே"ன்னு சொல்லும். கை பெருசா இருக்கேன்னு அர்த்தம். நாற்காலிக்கு மாத்துறப்ப நான்தான் வரணும்னு அடம் பிடிக்கும். முதுகு முழுக்க ஒரே கையில அடங்கிருது, அதுக்குப் பயமில்லை. பெரியத்தைகிட்ட இதைச் சொல்லு.

வந்த புதுசுல பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்ல ஒரு கத்தி வாங்கினேன். சான்தொக்குன்னு பேரு, இங்கே முக்கால்வாசி வீட்ல இருக்கிற கத்தி. காய், மீன், கறி மூணுக்கும் ஆகும்ங்கிறதால அந்தப் பேராம். வாய் 165 மில்லிமீட்டர் நீளம். நல்ல கத்திதான், கூர்ல குறையே இல்லை. ஆனா அதோட பிடி என் உள்ளங்கையில முங்கிப்போகும். ஒரு கிலோ வெங்காயம் அரிஞ்சா விரல் மொளி எல்லாம் பலகையில இடிச்சு இடிச்சுச் செவந்துரும். கத்தி உசரம், அதாவது முதுகுல இருந்து வாய் வரைக்கும் உள்ள அகலம், பத்தலைங்கிறது அப்ப எனக்குத் தெரியலை, எனக்கு நறுக்கத் தெரியலைன்னுதான் நினைச்சேன்.

கூட வேலை பார்க்கிற அக்காதான் சக்காய்க்குப் போகச் சொன்னது. ஒசாகாவுக்குத் தெக்கால ஒட்டின ஊர். ஒசாகாவுல தென்னோஜிங்கிற இடத்துல இருந்து ஒத்தைப் பெட்டி டிராம் ஒண்ணு வீட்டு வாசல்களை உரசிக்கிட்டு ஆடி ஆடிப் போகுது. நம்ம திருப்பாச்சேத்திக்கு அருவா எப்படியோ, சக்காய்க்குக் கத்தி அப்படி. போர்ச்சுகல்காரங்க கொண்டாந்த புகையிலை இங்கே பரவினப்ப, அதை மயிரிழையா நறுக்குற கத்தி இந்த ஊர்லதான் பேர் வாங்குச்சாம். அப்ப ஆண்ட ஷோகுன் அரசாங்கமே அதுக்கு முத்திரை குத்திக் குடுத்திருக்கு. இன்னிக்கும் ஜப்பான்ல பெரிய ஓட்டல் சமையக்காரங்க கையில இருக்கிற கத்தி நிறைய இந்த ஊர்ச் சரக்குதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. திருப்பாச்சேத்திப் பட்டறையில அப்பா நிலத்துக்கு அருவா அடிக்கக் குடுத்தப்ப நான் கூடவே நின்னு பார்த்திருக்கேன். லாரிப் பட்டையைக் காய்ச்சுறது, அடிக்கிறது, தோய்ச்சல் போடுறது, பிடி ஏத்துறது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடக்கும். சக்காய்ல அடிக்கிறவர் வேற, தீட்டுறவர் வேற, பிடி போடுறவர் வேற. அடிக்கிறவர் பட்டறையை விட்டு வர்றப்ப கத்தி கருப்பா, மொன்னையாத்தான் இருக்கும். பிடி தனியா வருதுங்கிறதை ஞாபகம் வச்சுக்க, பின்னாடி வரும்.

நான் நுழைஞ்சது சின்னக் கடை. வயசான ஒருத்தரு. அம்மாவுக்குன்னு சொன்னேன். "அம்மா கை எப்படி"ன்னு கேட்டார். என் கையை நீட்டினேன். மணிக்கட்டு ரேகையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்தார், 20 சென்டிமீட்டர். வளையல்காரருக்கு அப்புறம் கையை அளந்த ஆளு இவர்தான். ஆனா இவர் ஸ்டூல் எடுக்கலை. கத்தியைக் கையில குடுத்து, பலகை மேல வைக்கச் சொல்லிட்டு, குனிஞ்சு பக்கவாட்டுல இருந்து பார்த்தார். என் மொளிக்கும் பலகைக்கும் நடுவுல தன்னோட விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையலைன்னா அந்தக் கத்தி வேண்டாம்னு எடுத்து வச்சுட்டார். ஆறு கத்தி அப்படியே போச்சு.

முதல்ல அவர் காட்டினது கியூதோ. வெள்ளைக்காரங்க சமையக் கத்தி மாதிரி, நுனி கூம்பி இருக்கும். பெரிய கைக்கு 240 மில்லிமீட்டர்னு சொல்வாங்க. நீளம் கூடக்கூட அடிப்பக்க உசரமும் கூடும், பிடியும் பெருசாகும், அதான் காரணம். பிடிச்சுப் பார்த்தேன், கைக்கு அம்சமா இருந்துச்சு. ஆனா நம்ம அடுப்படி மேடையில ஒரு பக்கம் மிக்சி, ஒரு பக்கம் குடம். அந்த நீளக் கத்தி திரும்புறதுக்கே இடம் இல்லை. அதுபோக கூர்நுனிக் கத்தியைக் கண்டா உனக்கு ஆகாது.

அப்புறம் நாக்கிரி எடுத்தார். காய்க்குன்னே உள்ள கத்தி. நுனி கிடையாது, நீள்சதுரமா, ஒரு முழ வாழை இலையை நாலா மடிச்ச மாதிரி இருக்கும். வாய் நேர்கோடு, அதனால கீழே முழுசாப் பதியும், கீரை தண்டோட தொங்காம அறும். உசரம் 50 மில்லிமீட்டருக்கு மேல. அவர் விரல் தாராளமா நுழைஞ்சுச்சு. இதுதான்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு. ஆனா பிடி சின்னது.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தித் தகட்டையே கிள்ளிப் பிடிக்கணும், மிச்ச மூணு விரல்தான் பிடியில இருக்கணும், அப்படிப் பிடிச்சா பிடியோட அளவு பெரிய விஷயம் இல்லைன்னு அவர் சொன்னார். இங்கே எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. எனக்குச் சரிதான். ஆனா நீ அருவா பிடிச்ச கை. முழு உள்ளங்கையாலயும் இறுக்கித்தான் பிடிப்பே, நான் சொன்னாலும் மாத்த மாட்டே. இப்ப மொளியில வீக்கம் வேற. சின்னப் பிடியை இறுக்க இறுக்க வலி கூடும். அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். 240 கியூதோவுக்குப் போடுற எண்கோணப் பிடி ஒண்ணை எடுத்துட்டு உள்ளே போனார்.

கதவு திறந்துதான் இருந்துச்சு, பார்த்தேன். கத்தியோட வாலை நெருப்புல காட்டினார். செவந்ததும் பிடியோட ஓட்டையில செருகினார், புகை கிளம்புச்சு. அப்புறம் பிடியைத் தலைகீழா நிறுத்தி, மரச் சுத்தியலால பிடியோட குண்டியில தட்டத் தட்ட, கத்தி தானா உள்ளே இறங்குது! நம்ம மம்பட்டிக்குக் காம்பு போடுற அதே வித்தை. மரம் ஹோன்னு ஒரு மரம், மக்னோலியா ஜாதி, கனமே இல்லை. தண்ணி பட்டாலும் வழுக்காது. தகடு சேர்ற இடத்துல எருமைக் கொம்புல பூண். எட்டு மூலை இருக்கிறதால ஈரக் கையில உருளாது. டி எழுத்து மாதிரி ஒரு பக்கம் புடைச்ச பிடியும் இருக்கு, வலது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. தம்பிக்கு இடது கைங்கிறதால அதை வேண்டாம்னுட்டேன். அவன் என்னிக்காவது உனக்கு ஒரு வெங்காயம் அரிஞ்சு குடுப்பான்கிற நப்பாசைதான்.

இரும்பு விஷயத்துல மட்டும் அவர் பேச்சை நான் கேக்கலை. உங்க ஊர் புழுக்கத்துக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல்தான் தோதுன்னு சொன்னார். நான் எடுத்தது ஷிரோகாமி. வெள்ளைக் காகிதம்னு அர்த்தம். இரும்புக்கு அந்தக் கலர் இல்லை, ஆலையில அடையாளத்துக்குச் சுத்தின காகிதத்தோட கலர். கரி சேர்ந்த இரும்பு. துரு பிடிக்கும், ஆனா தீட்ட ரொம்ப லேசு. வாழைப்பூ அரிஞ்ச அருவாமனையைத் துடைக்காம வச்சதுக்கு நீ என்னை முதுகுல ரெண்டு போட்டது மறக்குமா? புளி பட்டா கறுக்கும், மாங்கா பட்டா கறுக்கும், உடனே கழுவித் துடைச்சு வைக்கணும். இதை ஜப்பான்காரங்க உனக்குப் புதுசாச் சொல்ல என்ன இருக்கு? கொஞ்ச நாள்ல தகடு நீலமும் சாம்பலுமா மாறும். அது அழுக்கு இல்லை. அதைப் போட்டுக் கம்பி நாரால தேய்க்காதே. மழைக் காலத்துல தேங்காண்ணெய் ஒரு சொட்டு தடவி வை, போதும்.

இதால செய்யக் கூடாதது கொஞ்சம் இருக்கு. தகடு மெல்லிசு, ரொம்பக் கெட்டியாப் பதம் போட்டது. கெட்டியானது வளையாது, சில்லு பேந்துரும். தேங்கா உடைக்கிறது, நெஞ்செலும்பு வெட்டுறது, மீன் தலை பிளக்கிறது எதுவும் கூடாது. அதுக்கெல்லாம் வீட்ல அருவா இருக்கு. கிரானைட் மேடை மேல வச்சு நறுக்காதே, தம்பியை ஒரு மரப்பலகை வாங்கியாறச் சொல்லு, மாமரமோ வேம்போ எதுவானாலும். முக்கியமா, தெருவுல சைக்கிள் சக்கரத்தோட வர்ற சாணைக்காரர்கிட்ட குடுத்துறாதே. அவர் மேல குத்தம் இல்லை, சக்கரச் சூட்டுல இந்தப் பதம் போயிரும். நான் 1000 நம்பர் தண்ணிக்கல் ஒண்ணும் வாங்கியிருக்கேன். தண்ணியில ஊறப் போட்டு, கத்தி முதுகைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்கிப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுக்கணும். வந்து காட்டித் தர்றேன்.

இன்னொண்ணு. அருவாமனையில வாய் நிக்கும், காய் நகரும். இதுல தலைகீழ். இடது கையைப் பூனைக் கை மாதிரி மடக்கி வைக்கணும், நெசமாவே இங்கே பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. விரல் நுனி உள்ளே மடங்கியிருக்கும், மொளி கத்தித் தகட்டை ஒட்டியிருக்கும். உசரமான கத்திங்கிறதால மொளியை விட்டு மேலே ஏறாது. முதல் வாரம் உனக்கு எரிச்சலா வரும். தூக்கி எறியாம ஒரு வாரம் பொறுத்துக்க.

சரி, விலை. 18,000 யென். நம்ம காசுக்குப் பத்தாயிரம் சொச்சம். பெரிய பிடிக்கு அவர் தனியா வாங்கலை. இப்ப வையி.

6 சென்டிமீட்டருக்கு மேல நீளமான கத்தியைக் காரணம் இல்லாம தூக்கிட்டுத் திரிஞ்சா இங்கே போலீஸ் பிடிக்கும். அன்னிக்கு டிராம்ல வீடு வர்ற வரைக்கும் பெட்டியை மடியில வச்சு, பில்லைக் கையிலயே பிடிச்சுட்டு வந்தேன், திருடி மாதிரி. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைச்சிருச்சு. அழகர் ஆத்துல இறங்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துருவேன். கத்தி செக்-இன் பெட்டியிலதான் வரும், பயப்படாதே.

கத்தியை அன்பளிப்பாக் குடுத்தா உறவு அறுந்துரும்னு இவங்களும் நம்புறாங்கம்மா. நீ அருவாளைக் கையில வாங்க மாட்டே, கீழே வைக்கச் சொல்லித்தான் எடுப்பே, அந்த மாதிரி. இங்கே அதுக்கு ஒரு பரிகாரம் இருக்கு. வாங்குறவங்க ஒரு 5 யென் காசு குடுத்துரணும். அப்ப அது அன்பளிப்பு இல்லை, வியாபாரம். 5 யென்னை இவங்க பாஷையில "கோஎன்"னு சொல்வாங்க, உறவுங்கிறதுக்கும் அதே சத்தம்தான். நடுவுல ஓட்டை போட்ட பித்தளைக் காசு. உனக்கு அது எங்கே கிடைக்கும், நானே ஒண்ணு பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். அதை எடுத்து எங்கிட்ட குடுத்துட்டு, நான் தரையில வச்ச பிறகு கத்தியை எடுத்துக்க.

அப்பாவை ராத்திரி கொடிக்கால் பக்கம் டார்ச் இல்லாம போக வேண்டாம்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் மகள்

பி.கு.: அந்த மஞ்சப் பிடிக் கத்தியைத் தூக்கிப் போட்டுறாதே. பூண்டு உரிக்க ஆகும்.