கிராங்க்: கிரைண்டிங் போடுவதா, புதுசு வாங்குவதா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரே நாளில் மூன்று பேர் போனில் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “மெக்கானிக் இன்ஜினைப் பிரிச்சுட்டார். கிராங்க் போயிடுச்சுங்கிறார். கிரைண்டிங் போட்டா ஓடுமா, புதுசே வாங்கிடட்டுமா?” கிராங்க் என்பது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. அதன் தேய்ந்த இடங்களைக் கல்லில் வைத்துச் சீராகத் தேய்த்தெடுப்பதுதான் கிரைண்டிங். மூவருக்கும் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: கொண்டுவாருங்கள், அளந்துவிட்டுச் சொல்கிறோம். தட்டிக்கழிக்கிறோம் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். முக்கியமாக அவருக்குத்தான் இந்த மடல்.

கிராங்க்கில் பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதிகளுக்கு ஜர்னல் என்று பெயர். இன்ஜின் பிளாக்கில் உட்காருவது மெயின், கனெக்டிங் ராடு மாட்டுவது பின். நான்கு சிலிண்டர் கார்களில் பெரும்பாலும் ஐந்து மெயின், நான்கு பின். மாருதி 800-ல் நான்கு மெயின், மூன்று பின். ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாக மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்போம். விசை விழும் பக்கம் அதிகம் தேய்ந்து, உருண்டையாக இருக்க வேண்டிய பின் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். நிறையக் கார் கம்பெனிகள் இதற்கு ஒரு தௌகூட விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ., தலைமுடியை விட மெல்லிசு. கையால் தடவி “நல்லாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால், அவர் விரலைப் பாராட்டலாம், நம்ப வேண்டாம்.

அளவு சரியாக இருந்து மேலாக்கக் கீறல் மட்டும் என்றால் பாலிஷ் போதும். பழைய அளவிலேயே ஷெல் பேரிங் (ஜர்னலைச் சுற்றி உட்காரும் இரண்டு அரைவட்டத் தகடுகள்) போட்டுக்கொள்ளலாம். அளவு தப்பியிருந்தால்தான் கிரைண்டிங். அது நம் இஷ்டத்துக்கு எடுக்கிற அளவு இல்லை, 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகத்தான் இறங்க முடியும். ஷெல் அந்த அளவுகளில்தான் வருகிறது. ஒரு பின் மட்டும் ஆழமாக அடி வாங்கியிருந்தாலும் எல்லாப் பின்களையும் அதே அளவுக்கு இறக்குவோம், ஷெல் செட்டாகத்தானே கிடைக்கும்.

ஆகவே நாங்கள் முதலில் விசாரிப்பது ஷெல்லைத்தான். அம்பாசடர், பழைய மாருதி, ஜீப் மாதிரி வண்டிகளுக்கு அண்டர்சைஸ் ஷெல் (இறக்கிய ஜர்னலுக்கு ஏற்ற ஷெல்) தேடினால் கிடைத்துவிடும். புதிய இன்ஜின்கள் பலவற்றுக்கு கம்பெனியே அண்டர்சைஸ் விடுவதில்லை. ஷெல் கைக்கு வராமல் கிராங்க்கைக் கல்லில் வைக்க மாட்டோம். கிரைண்டிங் முடித்துவிட்டு ஷெல்லுக்கு அலைந்தவர்கள் இந்த ஊரில் உண்டு.

இரண்டாவது, கடினம். சில கிராங்க்குகளில் ஜர்னலை இண்டக்ஷன் முறையில் சூடாக்கிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கெட்டி ஒரு மி.மீ.க்கு மேலேயே ஆழம் போகும். ஓரிரு படி இறக்கினாலும் தாங்கும். நைட்ரைடிங் செய்த, அதாவது மேல்தோலில் நைட்ரஜனை ஏற்றிக் கெட்டிப்படுத்திய கிராங்க் அப்படி இல்லை. அதன் உச்சக் கெட்டி மேல்தோலில்தான். 0.25 இறக்கினால் சுற்றிலும் 0.125 மி.மீ. தோலை உரித்த மாதிரி. திரும்ப நைட்ரைடிங் செய்ய வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எங்களுக்குக் கூலி வரும் வேலையாக இருந்தும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது இரண்டு வகை. பேரிங் ஜர்னலை இறுகப் பிடித்து அதோடு சேர்ந்து சுழன்று, ஜர்னல் நீலம் பாரித்திருந்தால், சூடு சுமார் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது. அதன் கெட்டியை இனி நம்ப முடியாது. அடுத்தது விரிசல். கிராங்க்கைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணி மாதிரி கணீரென்று பேசும், ‘டொக்’ என்றால் சந்தேகம். ஆனால் அது பெரியவர்கள் காலத்துச் சோதனை, முதல் குறிப்பு மட்டும்தான். கிராங்க்கைக் காந்தமாக்கி இரும்புத் தூள் தூவிப் பார்க்கும் காந்தச் சோதனையில் ஜர்னல் ஓரத்து வளைவில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் அது பழைய இரும்புக் கடைக்குத்தான்.

புதுசு வாங்கினால் தலைவலி தீர்ந்தது என்றும் இல்லை. பல இன்ஜின்களில் கிராங்க்கிலும் பிளாக்கிலும் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்கேற்ற வண்ணப் புள்ளி உள்ள ஷெல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய கிராங்க் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன் அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே 0.50 இறங்கிய கிராங்க்கும் துடைத்து எண்ணெய் பூசிவிட்டால் பளபளவென்றுதான் இருக்கும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு டீசல் கார் கிராங்க்கைச் சரியான அளவுக்கு எடுத்து, கழுவி அனுப்பினோம். இரண்டே மாதத்தில் அதே பின், அதே சத்தம். ஆயில் போகும் துளைகளின் அடைப்பானை நாங்கள் கழற்றவில்லை. உள்ளே தங்கியிருந்த பழைய பேரிங் தூள் புது ஷெல்லைத் தின்றுவிட்டது. இரண்டாம் தடவை கிரைண்டிங், ஷெல் இரண்டும் எங்கள் செலவு. அன்றிலிருந்து அடைப்பானைத் திறக்காமல் எந்தக் கிராங்க்கும் வெளியே போவதில்லை. உங்கள் மெக்கானிக்கும் ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர், ஆயில் கூலர் மூன்றையும் பார்க்கட்டும். தேய்ந்ததற்குக் காரணம் அங்கே உட்கார்ந்திருந்தால் புதுக் கிராங்க்குக்கும் அதே கதிதான்.

செலவைப் பார்க்கும்போது கிரைண்டிங் கூலியையும் புதுக் கிராங்க் விலையையும் மட்டும் எதிரெதிரே வைக்காதீர்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். சந்தேகமான கிராங்க்கைப் போட்டுத் தோற்றால் அந்தக் கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள். அதனால் எல்லைக்கோட்டில் இருக்கும் கிராங்க்குக்கு எங்கள் ஓட்டு கிராங்க்கையே மாற்றிவிடுவதற்குத்தான். நல்ல இரும்பாக இருந்து முதல் படியிலேயே சுத்தமாகிவிடும் என்றால், தாராளமாகக் கிரைண்டிங் போடுங்கள்.

வரும்போது மெயின் கேப் (மெயினை பிளாக்கோடு பிடிக்கும் மூடி), கனெக்டிங் ராடு எல்லாம் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பழைய ஷெல்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் எந்தப் பின்னில் இருந்தது என்று எண் போட்டு வையுங்கள். என்ன நடந்தது என்று பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும். கிராங்க்குக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். வீட்டில் வைப்பதென்றால் நிறுத்தி வையுங்கள், படுக்கப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கிரைண்டிங் பட்டறை,
கோயம்புத்தூர்