மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு

ஏற்காடு
மார்ச் மாதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை லிண்டல் மட்டத்துக்கு (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம்) வந்துவிட்டது என்று படித்ததும் மகிழ்ச்சி. இங்கே காபிக்குப் பூமழை இன்னும் இறங்கவில்லை. அது விழுந்தால்தான் ஒன்பது பத்து நாளில் தோட்டம் பூக்கும். அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்குள் இன்னொரு மழை பெய்தால்தான் காய் நிற்கும். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

படுக்கையறைகளுக்கு ஃபால்ஸ் சீலிங்கும் ஏசியும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தப் பணத்தை முதலில் தளத்துக்கு மேலே போடு. சேலத்தில் ஒற்றை மாடி வீட்டுக்கு வரும் சூட்டில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி வெகுநேரம் வரை கக்கும். கீழே சீலிங் அடித்தால் அந்தச் சூடு கொஞ்சம் குறையும், தாமதமாகும், அவ்வளவுதான். தளம் விரிந்து சுருங்கி வெடிப்பு விடுவது நிற்காது; ஒழுகினாலும் சீலிங் அதை மறைத்துவிடும்.

தளத்துக்கு மேலே பழைய முறையையே செய்: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு. முக்கால் அங்குல ஜல்லி 32 கன அடிக்கு நீற்றிய (தண்ணீர் விட்டுப் பொடியாக்கிய) சுண்ணாம்பு 12½ கன அடி. மணலும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லாக இருக்கட்டும். இடித்த வீட்டுக் கல்லென்றால் உப்புப் பூத்ததையும் பூச்சு ஒட்டியதையும் ஒதுக்கு. கலப்பதற்கு முன் ஜல்லியை ஊறவை, இல்லாவிட்டால் சுண்ணாம்பின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு முழுதாக நீறாவிட்டால் உள்ளே இருக்கும் பச்சைக் கட்டி மாதங்கள் கழித்துப் பொரிந்து மேலே பதித்த ஓடுகளைத் தூக்கும். ஆகவே சலித்துத்தான் சேர்க்க வேண்டும்.

பரப்பியதும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளித் திரும்பும் வரை அடி விழணும். மேஸ்திரி அவசரப்படுவது இங்கேதான். "ரெண்டு மூட்டை சிமெண்ட் போட்டா நாளைக்கே இறுகிடும்" என்பார். சம்மதிக்காதே. சிமெண்ட் கலந்தால் அது விறைத்துப்போய் சூட்டில் வெடிக்கும். சுண்ணாம்பு தளத்தோடு சேர்ந்து சற்று நெளிந்துகொடுக்கும். அடித்து முடித்தபின் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது.

தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் (சரிவு) பத்தடிக்கு இரண்டு அங்குலம். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடுக்கின் கனம் மூன்று அங்குலம் என்றால் பத்தடி தள்ளி ஐந்து. ஒரே பக்கம் இருபதடிக்கு வாட்டம் கொடுத்தால் ஏழு அங்குலமாகிவிடும், அது வீண் சுமை. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் குழாய் விடு. அப்படிச் செய்தாலும் மேலே பதிக்கும் ஓடும் சேர்ந்து சதுர அடிக்கு 20 கிலோவை நெருங்கும். உன் 600 சதுர அடிக்கு 12 டன். கம்பி கட்டுவதற்கு முன்பே இன்ஜினியரிடம் இதைச் சொல்லிவிடு. (பழைய நாலங்குலத் தளத்தில் இதை யாரும் செய்யக் கூடாது. அங்கே வருஷா வருஷம் பிப்ரவரியில் வெள்ளையடித்தால் போதும்: ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், இருபது லிட்டருக்கு 80 கிராம் கோந்து, துணியில் வடிகட்டி, மெல்லிசாக இரண்டு பூச்சு.)

மேலே சிவப்புத் தட்டோடுக்குப் பதில் டைல்ஸ் கடைகளில் உடைந்து கிடக்கும் வெள்ளைத் துண்டுகளை நெருக்கமாகப் பதி. சிவப்பு ஓட்டைவிட வெள்ளை வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும், குப்பைக்குப் போவதும் பயன்படும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாக மழுக்கச் சொல். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

சிமெண்டைப் போலவே சுண்ணாம்புக்கும் கல்லைச் சுடும்போது கார்பன்-டை-ஆக்சைடு வரத்தான் செய்கிறது. ஆனால் இறுகும்போது கல்லிலிருந்து போனதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். எரிபொருளின் புகைதான் பெரிதாக நம் கணக்கில் நிற்கும். கீழே வரும் கான்கிரீட் தளத்துக்கு மட்டும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டே வாங்கு. மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் பக்கத்திலேயே இருக்கிறது. அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் இந்த வெயிலுக்குப் பதினான்கு நாள் தண்ணீர் கட்டு, சென்ட்ரிங்கை (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) சீக்கிரம் பிரிக்க விடாதே.

இவ்வளவும் செய்தபின் ஏசி வேண்டுமா என்று ஒரு கோடை பார். மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி (BLDC) மோட்டார் ஃபேன், சாதாரண 75 வாட் ஃபேனைவிட, தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் 300 நாளில் ஒவ்வொன்றுக்கும் 200 யூனிட் மிச்சம் பிடிக்கும். பழைய வீட்டு ஏசியைக் கழற்றிக் கொண்டுவருவதாக இருந்தால் அதிலிருக்கும் குளிரூட்டும் வாயு ஆர்-22 தானா என்று பார். அதில் ஒரு கிலோ கசிந்தால் 1,810 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம். கசிவை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் நிரப்புகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தளம் போட நாள் குறிக்கும் முன் மாடி வரைபடத்தை அனுப்பு. தண்ணீர்க் குழாய் எந்தெந்த மூலையில் வருகிறது என்று பென்சிலால் குறித்து அனுப்பு, வாட்டத்தைப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்